"மெண்டல் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடுவான்"னு சொல்றோமே, கோர்ட்ல நிஜமா என்ன நடக்குது?

தர்மபுரி பக்கம் ஒரு கொலை நடந்து, புடிச்ச ஆளுக்கு மனநிலை சரியில்லன்னு பேப்பர்ல ஒரு வரி வந்தா போதும், டீக்கடையில இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரே பேச்சுதான், "அவ்ளோதான், மெண்டல் சர்டிபிகேட் வாங்கிட்டு ஆறு மாசத்துல வெளிய வந்துடுவான் பாரு." பென்னாகரத்துலயும் இதேதான், ஊத்தங்கரையிலயும் இதேதான், ஓசூர்ல கம்பெனி பஸ்ல போற பசங்களும் இதையேதான் சொல்றாங்க. அந்தக் கோவத்த நான் தப்புன்னு சொல்லல, ஒரு உயிர் போயிருக்கு, செஞ்சவனுக்கு தண்டனை கிடைக்காதோன்னு பயம் வர்றது இயல்புதான். ஆனா சட்டம் என்ன கேக்குது, கோர்ட்ல எதப் பாக்கறாங்க, அப்படி 'தப்பிச்ச' ஆளுங்க எங்க போறாங்கன்னு தேடிப் பாத்தா நாம நெனச்சுட்டு இருக்கறதுக்கும் அதுக்கும் ரொம்ப தூரம் இருக்கு.

சட்டத்துல இருந்தே ஆரம்பிக்கலாம். 1860ல வந்த ஐபிசியில, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்துல 84வது பிரிவு, இப்ப 2024 ஜூலை 1ல இருந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்ல (பாரதிய நியாய சன்ஹிதா) 22வது பிரிவு. நம்பர் மாறிருக்கு, சாரம் மாறல. ஒரு காரியத்த செய்யற அந்த நேரத்துல, மனநிலை கோளாறால, தான் என்ன செய்யறோம்னே தெரியாத நிலையில இருந்தாலோ, இல்ல செய்யறது தப்பு, சட்டத்துக்கு விரோதம்னு தெரிஞ்சுக்க முடியாத நிலையில இருந்தாலோ அது குற்றம் ஆகாது. இவ்ளோதான் சட்டம். இதுல 'அந்த நேரத்துல'ங்கறதுதான் முழு கேஸும். போன வருஷம் மாத்திரை சாப்பிட்டான், இப்ப ஜெயில்ல தனியா பேசறான்னு காட்டினா மட்டும் பத்தாது. அருவா கையில இருந்த அந்த நிமிஷத்துல அவன் புத்தி எங்க இருந்துச்சுன்னு காட்டணும்.

இது வெள்ளைக்காரன் காலத்து விஷயம், இதுக்கான கோவமும் அப்பவே ஆரம்பிச்சதுதான். 1843 ஜனவரியில லண்டன்ல டேனியல் மெக்நாட்டன்னு ஒருத்தர், ஆளுங்கட்சிக்காரங்க தன்ன துரத்தித் துரத்தி கொல்லப் பாக்கறாங்கன்னு பல வருஷமா நம்பிட்டு இருந்தவர், பிரதமர் ராபர்ட் பீலோட செக்ரட்டரி எட்வர்ட் டிரம்மண்ட சுட்டுட்டாரு, அவரும் சில நாள்ல செத்துட்டாரு. மெக்நாட்டனுக்கு மனநோய்னு ஜூரி விடுவிச்சதும் ஊரே கொதிச்சுது, விக்டோரியா ராணிக்கே கோவம். அதுக்கப்பறம்தான் நீதிபதிகள கூப்பிட்டு கேள்வி கேட்டு ஒரு அளவுகோல் வாங்கினாங்க, அதுதான் மெக்நாட்டன் விதி, நம்ம 84வது பிரிவும் அதே வழியில வந்ததுதான். அதாவது இந்த அளவுகோல இவ்ளோ இறுக்கமா கட்டினதே மக்களோட கோவத்துக்கு பதிலாத்தான். அந்த மெக்நாட்டன் வீட்டுக்குப் போகல, 1865ல சாகற வரைக்கும் மனநோய் மருத்துவமனையிலதான் அடைச்சு வெச்சிருந்தாங்க.

இங்க டாக்டர் சொல்ற மனநோய் வேற, சட்டம் ஏத்துக்கற மனநிலை கோளாறு வேற. சுப்ரீம் கோர்ட் இத திரும்பத் திரும்ப சொல்லிருக்கு. ஒருத்தருக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது இல்லாத குரல் கேக்கற, நடக்காதத நடக்குதுன்னு நம்ப வைக்கற மனநோய் இருக்கறது உண்மையா இருக்கலாம், டாக்டரே கூண்டுல ஏறி சொல்லலாம், அப்பவும் கொலை பண்ணின நேரத்துல அவருக்கு விவரம் தெரிஞ்சிருந்துச்சுன்னு கோர்ட் முடிவு பண்ணிச்சுன்னா தண்டனைதான். கொலை பண்ணிட்டு கத்திய கெணத்துல போட்டானா, ரத்தச் சட்டைய மாத்தினானா, பெங்களூரு பஸ் ஏறினானா, முன்பகை இருந்துச்சா, இதெல்லாம் பாப்பாங்க. 1964ல தயாபாய் தக்கர்னு குஜராத் கேஸ், மனைவிய கொன்னவர், சம்பவத்துக்கு முன்னாடி, நடந்த நேரம், அதுக்கப்பறம்னு மூணையும் சேத்துப் பாக்கணும்னு சுப்ரீம் கோர்ட் அதுலதான் சொல்லுச்சு, சொல்லிட்டு அவரோட வாதத்த ஏத்துக்கல, தண்டனைய உறுதி பண்ணிடுச்சு. அதே தீர்ப்புல இன்னொன்னும் இருக்கு, மனநிலை சரியில்லன்னு காட்டற பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் மேலதான், ஆனா சிவில் கேஸ்ல எந்த அளவுக்கு நிரூபிக்கணுமோ அந்த அளவு போதும், அதாவது அப்படி இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு காட்டினா போதும். கேக்க சுலபமா இருக்கும். ரிமாண்டுல சேலம் சென்ட்ரல் ஜெயில்ல கிடக்கற ஆளு, கையில ஒரு சீட்டு இல்லாம, அந்த அளவையும் எப்படி தொடுவாரு?

ஏத்துக்கிட்ட கேஸ் ஒன்னையும் சொல்லணும். ஸ்ரீகாந்த் போஸ்லேன்னு மகாராஷ்டிராவுல ஒரு போலீஸ் கான்ஸ்டபிள். 1994ல, மனைவி துணி துவைச்சுட்டு இருந்தப்ப அரைக்கற கல்ல எடுத்து தலையில அடிச்சுக் கொன்னுட்டாரு, பட்டப்பகல்ல. ஓடி ஒளியல. அவங்க அப்பாவுக்கும் மனநோய் இருந்திருக்கு, இவருக்கும் சம்பவத்துக்கு முன்னாடியே சிகிச்சை நடந்திருக்கு, அப்பறமும் பல தடவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிருக்காங்க. கீழ கோர்ட்ல தண்டனை, ஹைகோர்ட்ல தண்டனை, கடைசியா 2002ல சுப்ரீம் கோர்ட்தான் பரனாய்ட் ஸ்கிசோஃப்ரினியா (அடுத்தவங்க மேல காரணமில்லாத சந்தேகம் முத்திப்போற வகை)ன்னு ஏத்துக்கிட்டு 84வது பிரிவுல விடுவிச்சுது. சிகிச்சை பேப்பர் எல்லாம் ரெக்கார்டா இருந்துச்சு, அது இருந்தும் எட்டு வருஷம் ஆச்சு. இது என் கணிப்பு, அந்த பேப்பர் இல்லன்னா அவருக்கும் ஆயுள் தண்டனைதான்.

எண்ணிக்கையா பாத்தாலும் இதுதான் கதை. பத்து வருஷத்து ஹைகோர்ட் தீர்ப்புகள எடுத்து, இந்த வாதம் வெச்ச 102 கேஸ மனநல டாக்டருங்க ஆராய்ச்சி பண்ணினாங்க, 13 ஹைகோர்ட்டுகள்ல இருந்து. ஜெயிச்சது 18 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. ஹைகோர்ட் வரைக்கும் வந்த கேஸ்லயே இந்த நிலைமை. அமெரிக்காவுல 8 மாநிலங்கள்ல எடுத்த கணக்குல, கடுமையான குற்ற வழக்குகள்ல நூத்துக்கு ஒன்னுலதான் இந்த வாதமே வைக்கறாங்க, வெச்சதுல நாலுல ஒன்னுதான் எடுபடுது. ஆனா அங்க மக்கள்கிட்ட கேட்டா நூத்துக்கு 37 கேஸ்ல இப்படி சொல்றாங்க, அதுல 44 சதவீதம் ஜெயிக்குதுன்னு நெனச்சுட்டு இருக்காங்க. நம்ம ஊர்ல இப்படி ஒரு சர்வே எடுத்தா பதில் இதுக்குக் கொறையாதுன்னுதான் எனக்குத் தோணுது.

அமெரிக்க மக்கள் அப்படி நெனைக்க ஒரு பெரிய காரணம் ஜான் ஹிங்க்லி கேஸ். 1981 மார்ச் 30, அப்ப ஜனாதிபதி ரீகன சுட்டவர். 1982 ஜூன்ல மனநிலை சரியில்லன்னு ஜூரி விடுவிச்சதும், மறுநாளே ஏபிசி டிவி எடுத்த கருத்துக் கணிப்புல 83 சதவீதம் பேர் நியாயம் கிடைக்கலன்னு சொன்னாங்க. அந்தக் கோவத்துல 1984ல சட்டத்தையே இறுக்கிட்டாங்க. ஆனா ஹிங்க்லி 2016 வரைக்கும் மனநல மருத்துவமனையில இருந்தாரு, முழுசா கட்டுப்பாடு நீங்கினது 2022ல. விடுவிச்ச அன்னிக்கு உலகமே எழுதிச்சு, அப்பறம் உள்ள கிடந்த 34 வருஷத்த எத்தன பேர் கவனிச்சாங்க?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்க ஜனங்க நம்பாததுக்கு மொத காரணம் மனநோயே இல்ல, சர்டிபிகேட்தான். வருமானச் சான்றுல இருந்து பிறப்புச் சான்று வரைக்கும் காசு குடுத்தா வேல நடக்கும்னு பாத்துப் பழகின ஜனங்க. பெரிய மனுஷங்கள கைது பண்ணினா நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கறத டிவியில பாக்கறாங்க. அதனால டாக்டர் குடுத்த பேப்பர்னு சொன்னா சந்தேகம் வருது. இந்த சந்தேகத்துல நியாயம் இருக்கு, ஆனா அது போய் விழற இடம் தப்பு, ஏன்னா காசு இருக்கறவன் இந்த வாதத்துக்கு வர்றதே அபூர்வம், அவனுக்கு ஜாமீன், சாட்சிய கலைக்கறதுன்னு வேற வழி நெறைய இருக்கு. மூளை கலங்கிப்போச்சுன்னு கோர்ட்ல நிக்கறது பெரும்பாலும் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைதான்.

அடுத்தது, மனநோய்னா கண்ணுக்குத் தெரியணும்னு ஒரு நம்பிக்கை. பஸ் ஸ்டாண்டுல அழுக்குத் துணியோட திரிஞ்சாதான் நோய், சட்டை போட்டு தலை வாரி பேர் கேட்டா பேர் சொல்றான்னா நடிக்கறான். பரனாய்ட் ஸ்கிசோஃப்ரினியா இருக்கறவர் கடைக்குப் போவாரு, மிச்சம் சில்லறை எண்ணி வாங்குவாரு, மாடு மேய்ப்பாரு, ஆனா பொண்டாட்டி சோத்துல விஷம் வைக்கறான்னு மூணு வருஷமா உறுதியா நம்பிட்டு இருப்பாரு. அந்த ஒரு நம்பிக்கை எப்ப கைய தூக்க வைக்கும்னு பக்கத்துல இருக்கறவங்களுக்கே தெரியாது. அதே சமயம் அழுக்குத் துணியோட திரியறவர பாத்து நாம பயப்படறோமே, 2018 மே மாசம் பிள்ளை புடிக்கறவங்க வந்துருக்காங்கன்னு வாட்ஸ்அப்ல பரவினப்ப, போளூர் பக்கம் சாமி கும்பிட வந்த வயசான அம்மாவ ஊர்க்காரங்க அடிச்சே கொன்னாங்க, பழவேற்காடுல மனநலம் பாதிச்ச ஒருத்தர கொன்னு பாலத்துல தொங்கவிட்டாங்க. யாரு யாருக்கு பயப்படணும்?

குடிய இதோட குழப்பிக்கறதும் ஜாஸ்தி. "போதையில செஞ்சுட்டேன்னு சொன்னா விட்டுடுவாங்க"ன்னு நெறைய பேர் நம்பறாங்க. விட மாட்டாங்க. தானா குடிச்சுட்டு செஞ்சா, தெளிஞ்ச ஆளுக்கு என்ன விவரம் தெரிஞ்சிருக்குமோ அது இவனுக்கும் தெரியும்னுதான் சட்டம் எடுத்துக்கும். அவனுக்குத் தெரியாம, இல்ல வலுக்கட்டாயமா யாராச்சும் ஊத்திவிட்டிருந்தாதான் கதையே வேற.

நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு ஆறாத காயமும் இருக்கு. 2000 பிப்ரவரி 2, இலக்கியம்பட்டியில கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிங்க வந்த பஸ்ஸ கட்சிக்காரங்க எரிச்சு 3 பொண்ணுங்க உசிரோட கருகிப்போனாங்க. மூணு பேருக்கு தூக்குன்னு 2007ல சேலம் கோர்ட் சொல்லுச்சு, ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் எல்லாம் உறுதி பண்ணுச்சு, அப்பறம் 2016ல சுப்ரீம் கோர்ட்டே கூட்ட வெறியில நடந்தது, முன்கூட்டி திட்டம் போட்டது இல்லன்னு பாத்து ஆயுளா கொறைச்சுது, 2018 நவம்பர்ல அரசாங்கம் வெளியவும் விட்டுடுச்சு. இதுல யாரும் மனநோய்னு வாதம் வைக்கல, அது தண்டனை அளவு பத்தின விஷயம் மட்டும்தான். ஆனா நம்ம ஊர் ஜனங்க மனசுல ரெண்டும் ஒன்னா கலந்து கிடக்கு. கட்சிக்காரனுக்கு கருணை கிடைச்சத பாத்த கண்ணு, அடுத்து 'புத்தி சுவாதீனம் இல்ல'ன்னு எவன் சொன்னாலும் இதுவும் அந்த மாதிரி ஒரு வழின்னுதான் பாக்கும். அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஒருத்தன் தன் வசத்துல இல்லாம ஒரு காரியம் பண்ணலாம்ங்கறது நம்ம ஜனங்களுக்கு புதுசும் இல்ல. சாமி வந்து ஆடறவங்க ஊர்ப் பெரியவர கன்னத்துல அறைஞ்சாலும் யாரும் கேஸ் போட மாட்டாங்க, "அவன் எங்க அடிச்சான், அவன் மேல இருந்தது அடிச்சுது"ன்னுடுவாங்க. காத்து கருப்பு அடிச்ச பொண்ணு வாயில வர்ற பேச்சுக்கு அந்தப் பொண்ண பொறுப்பாக்க மாட்டாங்க. பூசாரி சொன்னா ஒத்துக்கறோம், அதையே கவர்மெண்ட் டாக்டர் கூண்டுல நின்னு சொன்னா நடிப்புங்கறோம். இது எனக்கு ரொம்ப நாளா உறுத்தற விஷயம்.

இதோட விளைவு நேரா கோர்ட்ல வந்து விழுது, எப்படின்னு சொல்றேன். தர்மபுரி கோர்ட்டு வளாகத்துல ஒரு அம்மாவ பாத்தேன், பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம், மகன் கொலைக் கேஸ்ல உள்ள இருக்கான். மடியில மஞ்சப்பை. வக்கீல் கேக்கறாரு, "ஏம்மா, பையனுக்கு எப்ப இருந்து இப்படி?" "பத்தாவது படிக்கறப்பவே சாமி. தானா சிரிப்பான், யாரோ கூப்புடறாங்கம்பான்." "எங்க காட்டுனீங்க?" "மொதல்ல மந்திரிச்சோம், தாயத்து கட்டுனோம், அப்பறம் பெங்களூரு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனோம், மாத்திர குடுத்தாங்க, நல்லாதான் இருந்தான்." "அந்தச் சீட்டு இருக்கா?" அந்த அம்மா பையில கைய விட்டு ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஆதார், காலியான மாத்திரை அட்டை ஒன்னுன்னு எடுத்து வைக்கறாங்க. அட்டையில பேர் பாதி கிழிஞ்சிருக்கு, 'ஓலான்ச'ன்னு மட்டும் படிக்க முடியுது, மனநோய்க்கு குடுக்கற ஓலான்சபின் மாத்திரை. "சீட்டெல்லாம் இல்ல சாமி. கண்ணாலத்துக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வந்தா கண்ணுல பட்டுடும்னு அவங்கப்பா அடுப்புல போட்டுட்டாரு." வக்கீல் கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல. அப்பறம் "நிமான்ஸ்ல குடுத்த நம்பராச்சும் ஞாபகம் இருக்கா, இருந்தா ரெக்கார்ட தேடி வாங்கலாம்"னாரு. அந்த அம்மாவுக்கு படிக்கத் தெரியாது.

இது ஒரு வீட்டோட கதை மட்டும் இல்ல. நிமான்ஸ் 2015, 16ல நடத்தின தேசிய மனநல ஆய்வுல, பல மனநோய்கள்ல சிகிச்சை தேவைப்படறவங்கள்ல 70ல இருந்து 92 சதவீதம் பேருக்கு அது கிடைக்கலன்னு வந்துச்சு. சிகிச்சையே எடுக்காதவனுக்கு சீட்டு எங்க இருந்து வரும்? எடுத்தவனும் வெக்கத்துல அத எரிச்சுடறான். ஊரு ஏதாச்சும் பேசும்னு பயந்து மறைச்ச அதே நோய, அப்பறம் கோர்ட்ல அதே ஊரு நம்ப மாட்டேங்குது.

போலீசுக்கும் இதுல கடமை இருக்கு, இது நெறைய பேருக்கு தெரியாது. விசாரணையில குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஏற்கனவே மனநோய் இருந்துச்சுன்னு தெரிய வந்தா, அவர உடனே மருத்துவ பரிசோதனைக்கு அனுப்பி அந்த ரிப்போர்ட்ட கோர்ட்ல வைக்கணும், வைக்கலன்னா அது அரசுத் தரப்பு கேஸ்ல பெரிய ஓட்டைன்னு 2007ல பாபு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. கைது பண்ணின வாரத்துல பாத்த டாக்டரோட குறிப்புக்கு இருக்கற மதிப்பு, மூணு வருஷம் கழிச்சு எடுக்கற ரிப்போர்ட்டுக்கு வராது. வீட்டுக்காரங்க அந்த முதல் ரெண்டு மூணு நாள்ல ஸ்டேஷன்லயும், ரிமாண்ட் பண்ற மாஜிஸ்திரேட்கிட்டயும் வாயத் திறந்து சொல்லணும், முடிஞ்சா எழுதிக் குடுக்கணும்.

இன்னொரு குழப்பம், ட்ரையல் நடத்தற அளவுக்கு இப்ப ஆளு தெளிவா இருக்காரான்னு பாக்கறது. இது தனி விஷயம். கூண்டுல நிக்கறவருக்கு நடக்கறது புரியலன்னா வழக்க தள்ளி வெச்சு சிகிச்சைக்கு அனுப்புவாங்க, தெளிஞ்சதும் திரும்ப நடக்கும். ஊர்ல "கேஸே நின்னுபோச்சாம்"னு பேசறது பெரும்பாலும் இதப் பாத்துட்டுதான்.

அப்ப விடுவிச்சா நேரா வீட்டுக்கா? இல்ல. குற்ற வழக்க எப்படி நடத்தணும்னு சொல்ற சட்டமான பிஎன்எஸ்எஸ்ல 373வது பிரிவுப்படி, மனநிலை காரணமா விடுவிக்கற தீர்ப்புல, அந்தக் காரியத்த இவர் செஞ்சாரா இல்லையான்னு தெளிவா எழுதியே ஆகணும். அதாவது "இவர்தான் கொன்னாரு"ன்னு கோர்ட் பதிவு பண்ணும். செத்தவங்க குடும்பத்துக்கு இது முக்கியம், ஆனா பேப்பர்ல இந்த வரி வர்றதே இல்ல. அடுத்த பிரிவு 374, அப்படிப்பட்டவர பாதுகாப்பான இடத்துல வைக்கணும், இல்லன்னா சொந்தக்காரங்களோ நண்பரோ, இவர் தனக்கும் அடுத்தவங்களுக்கும் கெடுதல் பண்ணாம பாத்துக்கறேன்னு ஜாமீன் உத்தரவாதம் குடுத்து கூட்டிட்டுப் போகணும். எங்க வைக்கணும்னு கோர்ட்தான் சொல்லும், நம்ம மாநிலத்துல அப்படின்னா பெரும்பாலும் 1794ல ஆரம்பிச்ச சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைதான் முதல்ல நெனப்புக்கு வரும். வெளிய விடலாமான்னு அப்பறம் அதிகாரிங்க, டாக்டருங்க பாத்து சொல்லி, அரசாங்கம் உத்தரவு போடணும். ஜெயில் தண்டனைக்காவது ஒரு கணக்கு இருக்கு. இதுக்கு முடிவு தேதியே கிடையாது.

அசாம்ல மச்சாங் லாலுங்னு ஒருத்தர், 1951ல அடிதடி காயம்னு ஒரு கேஸ்ல புடிச்சு மனநோய்னு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. 1967லயே குணமாயிட்டாருன்னு டாக்டருங்க எழுதிட்டாங்க. வீட்டுக்கு அனுப்பாம திரும்ப ஜெயிலுக்கே அனுப்பினாங்க, ட்ரையலே நடக்கல. 2005ல ஒரு ரூபா சொந்த ஜாமீன்ல வெளிய வந்தப்ப 54 வருஷம் ஆயிருந்துச்சு. உள்ள போனப்ப 23 வயசு, வெளிய வந்தப்ப 77. ரெண்டு வருஷத்துல செத்துட்டாரு. அந்தக் குற்றம் நிரூபணமே ஆகியிருந்தாலும் அவ்ளோ வருஷம் உள்ள இருந்திருக்க மாட்டாரு.

இந்த மாதிரி கேஸ்ல செத்தது யாருன்னு பாத்தீங்கன்னா நெறைய சமயம் அந்த வீட்டு ஆளுதான், பெத்த அம்மா, பொண்டாட்டி, தூங்கிட்டு இருந்த கொழந்த. நாம வெளிய இருந்து 'பாதிக்கப்பட்ட குடும்பம், குற்றவாளி குடும்பம்'னு ரெண்டா பிரிச்சு பேசறோம், அங்க ஒரே வீடு, ஒரே அடுப்பு. பொண்ண பறிகுடுத்த மாமியார் வீட்டுக்காரங்க ஒரு பக்கம், மகன ஜெயில்ல பாக்கப் போற அம்மா ஒரு பக்கம், நடுவுல ரெண்டு பேருக்கும் பேரப்பிள்ளையான ஒரு கொழந்த. அந்தக் கொழந்தைக்கு யாரு பீஸ் கட்டறாங்க, எந்தப் பாட்டி வீட்டுல சோறு திங்குதுன்னு யாரும் கேக்கறதில்ல, எல்லாரும் அப்பன தூக்குல போடணுமா வேணாமான்னுதான் பேசறோம்.

அந்தக் கொழந்தைக்கு சட்டத்துல ஒரு வழி இருக்கு. பிஎன்எஸ்எஸ் 396, அதுக்கு முன்னாடி இருந்த சிஆர்பிசி சட்டத்துல 357ஏ. கேஸ் விடுதலையில முடிஞ்சாலும், பாதிக்கப்பட்டவங்களுக்கு மறுவாழ்வு தேவைன்னு பட்டா இழப்பீடுக்கு கோர்ட் பரிந்துரை பண்ணலாம், எவ்ளோன்னு சட்டப்பணிகள் ஆணைக்குழு முடிவு பண்ணும், பணம் அரசாங்கத்துல இருந்து வரும். கொன்னவருக்கு மனநோய்னு தீர்ப்பு வந்ததால நமக்கு ஒன்னும் கிடையாதுன்னு நெனச்சு விட்டுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி. தர்மபுரியா இருந்தாலும் கிருஷ்ணகிரியா இருந்தாலும் மாவட்ட கோர்ட்டுல சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கன்னு கேட்டா காட்டுவாங்க, பொம்பளைங்களுக்கும் கொழந்தைங்களுக்கும் வருமானம் பாக்காமலே இலவசமா வக்கீல் போட்டுத் தருவாங்க, ஜெயில்லயோ மனநல மருத்துவமனையிலயோ இருக்கறவருக்கும் அதே சட்டத்துல வக்கீல் உண்டு. தீர்ப்பு வர்ற வரைக்கும் காத்திருக்காம, கேஸ் நடக்கறப்பவே அரசு வக்கீல்கிட்ட சொல்லி இழப்பீடு கேட்டு ஒரு மனு போட்டு வைக்கறது நல்லது.